வேலைநிறுத்தத்தில் அம்மை போட்டவள்

காரைக்குடி
5 செப்டம்பர் 2025

அன்புள்ள தங்கச்சி ஷீலாவுக்கு,

அண்ணன் பெரியநாயகம் எழுதுவது. பேனா பிடித்துப் பல வருடம் ஆயிற்று, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். போனில் என்னை நீ பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸப்பில் உன் முகம் இருந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை இருக்கிறது. உன் மதினி இன்பமேரியின் போனில் இருந்து கூப்பிட்டால், என் இருமலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது என்பதால் இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன்.

நடந்ததை என் பக்கத்தில் இருந்தும் கேள். செவ்வாய்க்கிழமை விடியக்காலை உங்கள் கம்பெனியின் திருச்சி–சிங்கப்பூர் விமானம் ரத்து. நீ உள்பட விமானப் பணிப்பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போய்விட்டதாம். அந்த விமானத்துக்குக் காரைக்குடியில் டிக்கெட் போட்டுக் கொடுத்த உத்தமன் உன் அண்ணன். வீட்டு முன்னறைதான் ஆபீஸ் என்பதால், பல் விளக்கும்போதே வாசலில் கூட்டம். கொத்தமங்கலத்து ஆச்சி முன்னால் நின்றார்கள். மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம், மாப்பிள்ளை சிங்கப்பூர்.

"மாப்பிள்ளை அங்குட்டு உக்காந்திருக்காரு. பொண்ணு இங்குட்டு உக்காந்திருக்கு. நடுவுல நீங்க ஏசியப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீக. இது என்ன நியாயம்?" என்றார்கள்.

எனக்கும் உடம்புக்கு முடியலை ஆச்சி என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். வியாழக்கிழமைக்குள் டாக்டர் சான்றிதழ் தராவிட்டால் வேலை போய்விடும் என்று கம்பெனி சொல்கிறது, ஆனால் நாங்கள் யாரும் தரப்போவதில்லை என்றாய். உன் ஐந்து வருட ஒப்பந்தம் இந்த முப்பதாம் தேதியோடு முடிகிறது. உனக்கு முப்பத்தாறு வயது. இந்த வயதில் வேறு எந்த விமானக் கம்பெனி உன்னைப் புதிதாக எடுக்கும்? ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, மறுநாள் அரியக்குடி டாக்டர் அழகுராஜாவிடம் போனேன். நோயாளியின் முகத்தைப் பார்க்காமலேயே மருந்து எழுதுகிறவர். அன்றைக்கு நோயாளியே இல்லாமல் எழுதினார்.

"என்ன நோயின்னு போட?" என்று கேட்டார்.

யோசித்தேன். காய்ச்சல் என்றால் கம்பெனி டாக்டர் தொட்டுப் பார்க்க வருவார். அம்மை என்றால் எவரும் கிட்டே வரமாட்டார்கள், எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அம்மை என்றே போடச் சொல்லி, அண்ணன் வீட்டில் இருந்து வைத்தியம் பார்ப்பதாக எழுதி வாங்கி, என் ஏஜென்சி மெயிலில் இருந்து நானே கம்பெனிக்கு அனுப்பினேன். 'விரைவில் குணமடைய வாழ்த்துகள்' என்று பதில் வந்தது. இத்தனை வருடத் தொழிலில் அந்தக் கம்பெனி எனக்கு அன்பாகப் பதில் போட்டது இதுதான் முதல் தடவை.

அதன் நகல் உனக்கும் போய்விட்டது. "யாரைக் கேட்டு அனுப்புனீக?" என்று கேட்டுவிட்டு வைத்தாய். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

கோபம் தணிந்தால் இரண்டு வரி எழுது.

அண்ணன்,
பெரியநாயகம்

—

சென்னை
9 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. சிரிப்பு வரும்படி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வரவில்லை.

நாங்கள் ஏன் சான்றிதழ் தரவில்லை என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இன்னொரு கம்பெனியோடு எங்களை இணைத்த பிறகு, ஐந்து வருட ஒப்பந்தத்தை ஒரு வருடமாகக் குறைக்கிறார்கள். பத்து வருடம் வேலை பார்த்தவளும் தன் வேலைக்கே புதிதாக மனுப்போட வேண்டும். இரண்டு விமானங்களுக்கு நடுவில் தூங்குகிற நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். வெளியூரில் ஓர் அறையில் இரண்டு பேர். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து நிறுத்தினால், அந்த நாட்களுக்குள் வேறு ஊரில் இருந்து ஆள் கொண்டுவந்துவிடுவார்கள். அதனால்தான் எல்லோரும் ஒரே நாளில் நோயாளி ஆனோம். நாங்கள் பொய் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். யாரும் சான்றிதழ் கொடுக்காத வரையில் அது வேலைநிறுத்தம்.

ஒருத்தி கொடுத்தால்?

பேச்சுவார்த்தையில் என் சான்றிதழை மேசையில் வைத்தார்களாம். "பாருங்க, உண்மையான நோயாளி அம்மையோட கிடக்குறப்பகூட ஒழுங்காச் சான்றிதழ் அனுப்பிருக்காங்க. மத்தவங்க ஏன் அனுப்பல?" என்று கேட்டார்களாம். அன்று ராத்திரியே இருபத்தைந்து பேரை வேலையை விட்டு எடுத்தார்கள். அதில் என் அறைத்தோழி நித்யஸ்ரீயும் ஒருத்தி. மெயிலை என் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தாள். எனக்குத்தான் அம்மை ஆயிற்றே, என்னை எடுக்கவில்லை.

நான் காரைக்குடியில் படுத்திருப்பதாக நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டதால், மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிற போராட்டப் பந்தலுக்கும் நான் போக முடியாது. யாராவது படம் எடுத்தால் போச்சு. கதவைச் சாத்திக்கொண்டு அறையில் இருக்கிறேன். பால் பாக்கெட்டை நித்யஸ்ரீ வாங்கி வருகிறாள். வேலை போனவள், வேலை போகாதவளுக்கு.

அசதியாக இருக்கிறது. அம்மை வந்திருந்தால்கூட இவ்வளவு அசதி இருக்காது.

ஷீலா

—

காரைக்குடி
12 செப்டம்பர் 2025

அன்புள்ள ஷீலாவுக்கு,

நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க ஆபீஸைத் திறக்கவில்லை. உன் மதினி பயந்துபோய் சர்க்கரை பார்க்கச் சொன்னாள்.

மேசையில் வைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நித்யஸ்ரீயிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்.

இங்கே உன் அம்மை அமோகமாக இருக்கிறது. கம்பெனியில் இருந்து விசாரிக்க ஆள் வந்தாலும் வரும் என்று, நீ உள்ளறையில் படுத்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தோம். அந்த வீட்டுக்காரம்மா சிட்டாள் அன்றைக்கே ஒரு கட்டு வேப்பிலை கொண்டுவந்து நம் கேட்டில் சொருகிவிட்டுப் போனது. "நீங்க வேதக்காரவுக, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. நான் பாத்துக்கிறேன்" என்றது. தினமும் இளநீர் கொண்டுவருகிறது. யார் குடிப்பது? நான்தான் குடிக்கிறேன்.

முதல் இரண்டு நாள் வேப்பிலை பெரிய உபகாரம். டிக்கெட் போனவர்கள் கேட் வரைக்கும் வந்து, வேப்பிலையைப் பார்த்து, தெருவில் நின்றே திட்டிவிட்டுப் போனார்கள். கொத்தமங்கலத்து ஆச்சி மட்டும் காரில் இருந்தே கத்தினார்கள். மாப்பிள்ளை கோலாலம்பூர் சுற்றி மதுரைக்கு வந்து, தாலி கட்ட முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி சேர்ந்தார். அதற்கப்புறம்தான் வினை. புதிதாக டிக்கெட் போட வருகிறவர்களும் உள்ளே வருவதில்லை. எல்லோரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு ஏஜென்டிடம் போகிறார்கள். வேப்பிலையை எடுக்கலாம் என்றால் சிட்டாள் விடாது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணி ஊத்தாமல் எடுக்கக் கூடாதாம்.

இதைவிடப் பெரிய கூத்து எட்டாம் தேதி. மாதா பிறந்த நாள் பூசையில் ஃபாதர் உன் பெயரைச் சொல்லி, உடல் நலத்துக்காக மன்றாடச் சொன்னார். கோயிலே மன்றாடியது. இன்பமேரி என் தொடையில் கிள்ளினாள். "சாமி முன்னால பொய் சொல்ல வச்சிட்டீகளே. பாவசங்கீர்த்தனத்துக்கு நான் போக மாட்டேன். இது உங்க பாவம், நீங்க போங்க" என்றாள். போனேன். நான் பாவத்தைச் சொல்லி முடித்ததும் ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார் என்று நினைக்கிறேன். வலைக்கு அந்தப் பக்கம் சரியாகத் தெரியவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நம் சித்தப்பா வேலை பார்த்த நூல் ஆலையில் என்ன நடந்தது? வேலைநிறுத்தம் செய்தார்கள், ஜெயித்தார்கள், மாலை போட்டுக்கொண்டார்கள். அடுத்த வருடம் ஆலைக்குப் பூட்டு. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம். வேலைநிறுத்தம் என்பது நாம் உட்கார்ந்திருக்கிற பெஞ்சையே உடைத்து அடுப்பு எரிக்கிற வேலை. குளிர் போகும். அப்புறம் தரையில்தான் உட்கார வேண்டும். இந்தப் பயத்தில்தான் செய்தேன். புத்திசாலித்தனத்தில் செய்யவில்லை. அது நம் குடும்பத்தில் உன்னோடு சரி.

அண்ணன்

—

சென்னை
16 செப்டம்பர் 2025

அண்ணே,

வேலைநிறுத்தம் முடிந்தது. சனிக்கிழமை தொழிலாளர் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். எடுத்த இருபத்தைந்து பேரையும் திரும்பச் சேர்க்கிறார்கள். தூங்குகிற நேரம் பழையபடி. ஆளுக்கு ஓர் அறை. ஒப்பந்தம் மட்டும் ஒரு வருடம்தான், அதில் அசையவில்லை. ஆனால் வேலைநிறுத்தத்தில் இருந்த எல்லோருக்கும் அந்த ஒரு வருடம் நிச்சயம். நித்யஸ்ரீ சிரித்துக்கொண்டே அழுதாள். மூன்று வருடம் மிச்சம் இருந்த ஒப்பந்தம் ஒரு வருடமாகிவிட்டது அவளுக்கு.

சித்தப்பா ஆலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ரோட்டுக்கு எதிர்ப்புறம் இன்னொரு ஆலை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே யாரும் ஒரு நாள்கூட வேலையை நிறுத்தவில்லை. அதைத்தான் முதலில் பூட்டினார்கள்.

இப்போது என் கதை. நான் அந்தப் பட்டியலில் இல்லை. நான் வேலைநிறுத்தம் செய்யவில்லை, நோயாளி. நேற்று எச்.ஆர். மேடம் போன் செய்தார். குரலில் அவ்வளவு பாசம். "தழும்பு விழுந்திருக்கா ஷீலா? முகத்துல இல்லையே?" என்று கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். இந்த நேரத்தில் கம்பெனியோடு நின்றவர்களைக் கம்பெனி மறக்காது. எனக்கு ஐந்து வருட ஒப்பந்தம் தருகிறார்கள். சீனியர் பதவியும். நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். எனக்கு உண்மையிலேயே அம்மை, நான் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை, அது தவறு என்று நினைக்கிறேன் என்று அதில் இருக்கும். முப்பதாம் தேதிக்குள்.

போடாவிட்டால் என் பழைய ஒப்பந்தம் முப்பதோடு முடியும். பட்டியலில் இல்லாததால் அந்த ஒரு வருடமும் எனக்கு இல்லை.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த கட்டிலில் நித்யஸ்ரீ தூங்குகிறாள்.

ஷீலா

—

காரைக்குடி
18 செப்டம்பர் 2025

அன்புள்ள ஷீலா,

கையெழுத்துப் போடு.

வேறெதுவும் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஸ்பீடு போஸ்டுக்குக் கொடுத்த காசுக்கு நாலு வரியாவது எழுதுகிறேன்.

ஐந்து வருடம், ஷீலா. அதற்குள் உனக்கு நாற்பத்தொன்று ஆகிவிடும். அப்புறம் பயிற்சி கொடுக்கிற வேலைக்குப் போய்விடலாம் என்று நீதானே சொன்னாய். மற்றவர்கள் ஜெயித்து ஒரு வருடம் வாங்கினார்கள். நீ படுத்துக்கொண்டே ஐந்து வருடம் வாங்கியிருக்கிறாய். எதிர் ஆலை விஷயத்தில் நீ சொல்வது சரி, நான் மறந்துவிட்டேன். எனக்கு வேண்டியதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிற மண்டை இது. ஆனால் உன் வேலை விஷயத்தில் சரியோ தப்போ பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நித்யஸ்ரீ நல்ல பெண். அவள் புரிந்துகொள்வாள். புரிந்துகொள்ளாவிட்டால் அறையை மாற்றிக்கொள்.

இன்பமேரி இதைப் படித்துவிட்டு, "இந்த ஆளு சொல்றதைக் கேக்காதன்னு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

அண்ணன்

—

சென்னை
21 செப்டம்பர் 2025

அண்ணே,

நித்யஸ்ரீயிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "போடு ஷீலா. நானா இருந்தா போட்டுருவேன்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய் எனக்கும் சேர்த்துச் சோறு வடித்தாள். திட்டியிருக்கலாம்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு விமானத்தில் நாங்கள் ஆறு பேர் போகிறோம். முப்பதாயிரம் அடி உயரத்தில், கைகழுவும் அறை அகலத்தில் ஓர் இடத்தில் தோளோடு தோள் நின்று சாப்பாட்டுத் தட்டு அடுக்க வேண்டும். ஐந்து பேர் ஒரு வருடக்காரிகள். நான் ஐந்து வருடக்காரி. அவர்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்கு நான் வரவில்லை. என் தாளைக் காட்டித்தான் அவர்களை வேலையை விட்டு எடுத்தார்கள். ஏதாவது ஆகிவிட்டால், கதவைத் திறக்க நான் சத்தம் போடும்போது அவர்கள் என்னை நம்ப வேண்டும். பயிற்சியில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

நல்லவளாக இருக்க வேண்டும் என்று செய்யவில்லை. ஐந்து வருடம் அப்படி நிற்க எனக்கு முடியாது, அவ்வளவுதான்.

அதனால், எனக்கு அம்மை இல்லை, நானும் வேலைநிறுத்தத்தில்தான் இருந்தேன் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். பட்டியலில் சேர்க்கச் சங்கத்திலும் பேசிவிட்டேன். ஒரே ஒரு சிக்கல். பொய்ச் சான்றிதழ் கொடுத்தாள் என்று அதற்காகவே என்னை வேலையை விட்டு எடுக்கலாம். நான் கொடுக்கவில்லை, எனக்குத் தெரியாமல் நீங்கள் அனுப்பினீர்கள் என்று, அனுப்பிய அதே மெயிலில் இருந்து நீங்கள் எழுதினால்தான் நான் தப்பிப்பேன்.

எழுதினால், டிக்கெட் போடுகிற உங்கள் ஏஜென்ட் ஐடியை முடக்குவார்கள். திருச்சி டிக்கெட்டில் பாதிக்கு மேல் இந்தக் கம்பெனிதான் என்று எனக்குத் தெரியும். கேட்க வாய் வரவில்லை. கேட்கிறேன். எழுதமாட்டேன் என்றாலும் நான் உண்மையைச் சொல்லத்தான் போகிறேன்.

ஷீலா

—

காரைக்குடி
26 செப்டம்பர் 2025

அன்புள்ள ஷீலாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. மூன்று நாளும் அந்த மெயிலை எழுதினேன். முதல் நாள் எழுதியதில் தப்பெல்லாம் டாக்டர் பேரில் இருந்தது. இரண்டாம் நாள் எழுதியதில் கம்பெனி பேரில் இருந்தது. இன்பமேரி பின்னால் நின்று படித்துவிட்டு, "இதுல நீங்க எங்குட்டு இருக்கீக?" என்று கேட்டாள். அழித்துவிட்டேன்.

டாக்டரையும் போய்ப் பார்த்தேன். நான் சொல்லி முடித்ததும் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். "பிள்ளைக்கு அம்மை, சென்னையில இருந்து வந்து வீட்டுல படுத்திருக்குன்னு நீரு சொன்னீரு. உம்மை நம்பி எழுதினேன். நானும் தப்புத்தான், பாக்காம எழுதிருக்கக் கூடாது. உள்ளதை உள்ளபடி போடும்" என்றார். எனக்கு நினைவிருக்கிற விதம் வேறு. ஆனால் தர்க்கம் செய்கிற நிலைமையில் நான் இல்லை. மகளைப் பார்க்க அவர் துபாய் போக நான் போட்டிருந்த டிக்கெட்டையும் ரத்து செய்யச் சொல்லிவிட்டார். வேறு ஏஜென்டிடம் போட்டுக்கொள்வாராம்.

இன்று காலை மெயில் அனுப்பினேன். 'என் தங்கை ஆரோக்கிய ஷீலாவுக்கு அம்மை இல்லை. அவளைக் கேட்காமல், அவளுக்குத் தெரியாமல், அவள் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நானாக மருத்துவரிடம் சொல்லிச் சான்றிதழ் வாங்கி அனுப்பினேன். அவள் வேலைநிறுத்தத்தில் இருந்தாள்.' கடைசி வரியை எழுத வெகுநேரம் ஆயிற்று. என் கையால் அப்படி ஒரு வரி எழுதுவேன் என்று நினைத்ததில்லை.

மத்தியானம் டிக்கெட் போட உட்கார்ந்தால், கம்பெனியின் தளத்துக்குள் போக முடியவில்லை. பாஸ்வேர்டு தப்பு என்கிறது. தப்பில்லை, ஷீலா. உன் பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு.

கம்பெனியின் வேகத்தைப் பாராட்ட வேண்டும். ரத்தான டிக்கெட்டுக்குப் பணம் கேட்டால் மாதக் கணக்கில் பதில் வராது.

அண்ணன்

—

சென்னை
5 அக்டோபர் 2025

அண்ணே,

பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். முப்பதாம் தேதி சாயங்காலம்தான் சொன்னார்கள். ஒரு வருட ஒப்பந்தம், கூடவே ஓர் எச்சரிக்கைக் கடிதம். சீனியர் பதவி இல்லை. எச்.ஆர். மேடம் இப்போது என் தழும்பைப் பற்றி விசாரிப்பதில்லை.

உங்கள் ஐடி ஆறு மாதத்துக்கு முடக்கம் என்று இன்பமேரி மதினி சொன்னார்கள். அதுவரை பஸ் டிக்கெட்டும் ரயில் டிக்கெட்டும் போட்டுச் சமாளிப்பதாகவும், விமானத்தைவிட ரயில்தான் நேரத்துக்கு வருகிறது என்று வருகிறவர்களிடம் எல்லாம் பிரசங்கம் செய்வதாகவும் கேள்விப்பட்டேன். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நான்கு தடவை இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தீர்ந்ததும் சொல்கிறேன்.

திருச்சி–சிங்கப்பூரைத் தினசரியில் இருந்து வாரத்துக்கு நான்காகக் குறைக்கிறார்கள். வேலைநிறுத்தத்தால் வந்த நஷ்டம் என்று கம்பெனி சொல்கிறது. இது ஜனவரியிலேயே போட்ட திட்டம் என்று நித்யஸ்ரீ சொல்கிறாள். இருவரும் உண்மை சொல்கிற மாதிரிதான் இருக்கிறது. அதே விமானத்தில் போய் இறங்கி, திரும்புகிற விமானத்துக்கு முன்னால் நேற்று எட்டு மணிநேரம் தூங்கினேன், தனி அறையில். அது கம்பெனி கொடுத்ததில்லை. நாங்கள் வாங்கியது.

போகும்போது ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "ஸ்டிரைக்குல இருந்த பிள்ளையா நீ?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "எம் பேரன் காதுகுத்துக்குப் போக முடியாமப் பண்ணிட்டீகளேம்மா" என்றார்கள். மன்னிச்சிருங்கம்மா என்றேன். "சரி, உக்காரு. காலு வலிக்கும்ல" என்றார்கள். உட்கார இடம் இல்லை. சிரித்துவிட்டுச் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

வேலைநிறுத்தம் வேலையைக் காப்பாற்றியதா கெடுத்ததா என்று நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். என் ஐந்து வருட ஒப்பந்தம் ஒரு வருடம் ஆகியிருக்கிறது. நாங்கள் நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்த ஒரு வருடமும் இல்லாமல் போயிருக்கும். இதற்குமேல் எனக்குக் கணக்குப் போடத் தெம்பில்லை.

உங்கள் நம்பரை பிளாக்கில் இருந்து எடுத்துவிட்டேன். உடனே கூப்பிட வேண்டாம், தூங்கப் போகிறேன்.

இந்த ஒப்பந்தம் அடுத்த செப்டம்பரில் முடிகிறது. அப்போது மறுபடியும் எல்லோருக்கும் உடம்புக்கு முடியாமல் போகலாம். அந்தத் தடவை எனக்கு என்ன நோய் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன்.

ஷீலா